லூப் குவாண்டம் அண்டவியல்: பவுன்ஸ் வரும் இடத்தில் கணக்கு ஒட்டிக்கொள்கிறது, ஏன்?

செந்தூல்_சுருள் | வெள்ளி, இரவு 10:17

வணக்கம். ஞாயிறு காலை பிரிக்பீல்ட்ஸில் படிவம் ஆறு பிள்ளைகளுக்கு ஒரு மணி நேர வகுப்பு. பெருவெடிப்பில் அடர்த்தி முடிவிலிக்கு ஓடாமல், லூப் குவாண்டம் அண்டவியலில் (வெளிக்கே மிகச் சிறிய துண்டு உண்டு என்ற கோட்பாட்டை அண்டத்துக்குப் போடுவது) எப்படித் திரும்பி வருகிறது, அதாவது பவுன்ஸ், என்பதைத் திரையில் ஓட்டிக் காட்ட வேண்டும். படம் மட்டும் போட்டால் இந்தக் கூட்டம் நம்பாது, எண் ஓடணும்.

பைதானில் எழுதியிருப்பது: தட்டையான அண்டம், எல்லாத் திசையிலும் ஒரே சீர். உள்ளே ஒரே பொருள், நிறையில்லாத ஸ்கேலார் புலம் (ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு எண், திசை கிடையாது). ஆக அழுத்தமும் அடர்த்தியும் சமம். பிளாங்க் அலகில் எல்லாம், அதாவது ஈர்ப்பு மாறிலி, ஒளிவேகம், சுருக்கிய பிளாங்க் மாறிலி மூன்றும் 1.

எச்² = (8பை/3) × ரோ × (1 − ரோ/ரோஉ)
ரோ மாறும் வீதம் = −6 × எச் × ரோ

எச் ஹபிள் வீதம் (அண்டம் விரியும் வீதம்), ரோ அடர்த்தி, ரோஉ உச்ச அடர்த்தி, 0.41.

முதல் வரியில் வர்க்கமூலம் எடுத்து எச் கண்டுபிடித்து, இரண்டாவது வரியில் போட்டு, விரிகிற பக்கத்திலிருந்து காலத்தைப் பின்னோக்கி நான்காம் படி ருங்கே-குட்டாவில் (சமன்பாட்டைச் சின்னச் சின்ன நேரப் படியாகக் கணக்கிடும் முறை) ஓட்டுகிறேன். படி 0.001. ரோ 0.4 வரை அழகாகப் போகிறது. அப்புறம் வர்க்கமூலத்துக்குள் மைனஸ் எண் வந்து எல்லாம் 'நேன்' (எண்ணே இல்லை என்று பைதான் சொல்வது). சரி, 0க்குக் கீழே போகாதே என்று ஒரு வரி சேர்த்தால் 0.41இல் கோடு படுத்துக்கொள்கிறது, எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. படியை 0.00001 ஆக்கினாலும் அதே கதை. பவுன்ஸ் எங்கே போச்சு?

இன்னும் இரண்டு சந்தேகம். ஒரு கட்டுரையில் 0.41க்குப் பதில் 0.82 என்று பார்த்தேன், எது சரி? அப்புறம், "மைனஸை நீங்களே போட்டுட்டு, பாரு திரும்புதுன்னு சொல்றீங்களே சார்" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அதற்கு என்ன சொல்வது?

---

பாயான்_லெப்பாஸ் | வெள்ளி, இரவு 11:05

தம்பி, கணினி பொய் சொல்லவில்லை. நீங்கள் கொடுத்த இரண்டு வரிக்கும் "ரோ = ரோஉ, எச் = 0, என்றைக்கும் அப்படியே" என்பதும் ஒரு தீர்வுதான். போட்டுப் பாருங்கள், இரண்டு வரியும் 0 = 0 ஆகிவிடும். கோடு அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்: 1 − ரோ/ரோஉ என்பதற்கு 'ஒய்' என்று பெயர் வையுங்கள். பவுன்ஸுக்கு அருகில் ஒய் மாறும் வீதம் √ஒய்க்கு நேர்விகிதம். இந்த வகைச் சமன்பாட்டுக்கு ஒய் = 0 என்ற இடத்தில் ஒரே ஒரு தீர்வுதான் உண்டு என்ற உத்தரவாதம் கிடையாது. பரவளையமாக வந்து தொட்டுவிட்டுத் திரும்புவதும் தீர்வு, தொட்ட இடத்திலேயே குடியிருப்பதும் தீர்வு. படியை எவ்வளவு சின்னதாக்கினாலும் இது தீராது, ஏனென்றால் கோளாறு படியில் இல்லை. அதோடு வர்க்கமூலத்துக்கு ப்ளஸ் மட்டும் எடுத்திருக்கிறீர்கள். பவுன்ஸைத் தாண்டினால் எச் மைனஸாக வேண்டும். அதை யார் வந்து மாற்றுவார்கள்?

உங்கள் முதல் வரி ஒரு கட்டுப்பாடு, அதை ஓட்டக் கூடாது. ஓட்ட வேண்டியது இது:

எச் மாறும் வீதம் = −4பை × (ரோ + அழுத்தம்) × (1 − 2ரோ/ரோஉ)

படுத்துக்கிடக்கும் தீர்வு இதில் தோற்றுவிடும். ரோ = ரோஉ என்று வைத்தால் வலப்பக்கம் 8பை × 0.409, அதாவது 10.3. எச் அங்கே 0ஆக நிற்கவே முடியாது. வர்க்கம் எடுத்ததால் நுழைந்த போலித் தீர்வுதான் உங்களைப் பிடித்துவைத்தது.

இதைவிடவும் சுத்தமான வழி கனஅளவையும் அதன் ஜோடியையும் மாறிகளாக எடுப்பது. வர்க்கமூலமே வராது.

காமா = 0.2375. இதுதான் பார்பெரோ-இம்மிர்சி எண், லூப் கோட்பாட்டில் பரப்பின் அளவைத் தீர்மானிப்பது.
டெல்டா = 4 × √3 × பை × காமா = 5.17. மிகச் சிறிய பரப்பு, பிளாங்க் நீளத்தின் வர்க்கத்தில்.
லாம்டா = √டெல்டா = 2.274.
ரோஉ = 3 / (8பை × காமா² × டெல்டா) = 0.409.

வி மாறும் வீதம் = 3/(2 × காமா × லாம்டா) × வி × சைன்(2 × லாம்டா × பி)
பி மாறும் வீதம் = −4பை × காமா × உந்தம்² / வி²

வி கனஅளவு. பி அதன் ஜோடி. பழைய சார்பியல் செல்லுபடியாகும் இடத்தில் பி என்பது காமா × எச், வேறொன்றுமில்லை. உந்தம் ஸ்கேலார் புலத்தினுடையது, மாறாது. 1000 என்று வையுங்கள்.

தொடக்கம்: லாம்டா × பி = 0.1, வி = 11,070. இந்த வி கையில் எடுத்த எண் இல்லை. ரோ = உந்தம்²/(2வி²) என்பதும் ரோஉ × சைன்²(லாம்டா × பி) என்பதும் சமமாக வேண்டும், அதிலிருந்து வருவது. இங்கே கண்ணை மூடிக்கொண்டு ஒரு வி போட்டால் கோடு ஓடும், பவுன்ஸும் தெரியும், ஆனால் அது எந்த அண்டமும் இல்லை.

பின்னோக்கி ஓட்டினால் 1.79 பிளாங்க் நேரத்தில் வி 1,105க்கு இறங்கித் திரும்பும். இன்னும் 1.79 ஓட்டினால் மறுபடி 11,070, அப்போது லாம்டா × பி = பை − 0.1. சரிபார்க்கச் சூத்திரமே இருக்கிறது:

வி = 1,105 × √(1 + 30.9 × நேரம்²), நேரம் பவுன்ஸிலிருந்து.

ஒவ்வொரு படியிலும் அந்த இரண்டு ரோவின் வித்தியாசத்தையும் அச்சடியுங்கள். படியைப் பாதியாக்கினால் பிழை கிட்டத்தட்ட 16 மடங்கு குறைய வேண்டும். குறையவில்லை என்றால் எங்கோ தட்டச்சுப் பிழை.

ஒரு பொறி உண்டு. அடர்த்தி உச்சத்திலிருந்து பாதியாக ஆகும் நேரம் 0.18 பிளாங்க் நேரம்தான், விநாடியில் சொன்னால் 10⁻⁴⁴ சுமார். லாம்டா × பி = 0.000001இல் தொடங்கினால் பவுன்ஸுக்குப் போக 1,80,000 பிளாங்க் நேரம் ஆகும். நேரத்தை மிச்சம்பிடிக்கிறேன் என்று படியை 1 ஆக்கினால் பவுன்ஸைத் தாண்டிக் குதித்துவிடும். சைன் எல்லைக்குள் நிற்பதால் நேன் வராது, திரும்பின மாதிரியே தெரியும், எண் மட்டும் தப்பு. தானாகப் படியை மாற்றிக்கொள்ளும் முறை போடுங்கள், விக்குப் பதில் அதன் மடக்கையை ஓட்டுங்கள்.

---

கெப்போங்_கணக்கு | வெள்ளி, இரவு 11:31

0.82, 0.41 இரண்டும் ஒரே சூத்திரம்தான். அஷ்டேகர், பாவ்லோவ்ஸ்கி, சிங் 2006இல் எழுதியபோது டெல்டாவை 2√3 பை காமா என்று எடுத்தார்கள். பிறகு அது 4√3 பை காமா ஆனது. ரோஉ டெல்டாவுக்குத் தலைகீழ் விகிதம், ஆகவே பாதியாகி 0.41. பழைய கட்டுரையின் ரோஉவையும் புதிய கட்டுரையின் டெல்டாவையும் கலந்து போட்டால்தான் வம்பு.

காமாவும் கல்லில் செதுக்கின எண் இல்லை. கருந்துளையின் என்ட்ரோபியை எண்ணி, அது பரப்பில் கால்வாசி என்று வர வேண்டும் எனப் பொருத்திப் பெற்றது 0.2375. இன்னொரு விதமாக எண்ணுகிறவர்களுக்கு 0.274 வரும், அதை எடுத்தால் ரோஉ 0.27. காமா மூன்றாம் படியில் உட்கார்ந்திருப்பதால் சின்ன மாற்றமும் பெரிதாகத் தெரியும். பிள்ளைகளிடம் "பிளாங்க் அடர்த்தியில் பாதிக்குக் கொஞ்சம் கீழே" என்று சொல்லிவிட்டுப் போங்கள். கன மீட்டருக்கு 2 × 10⁹⁶ கிலோ.

---

செந்தூல்_சுருள் | சனி, காலை 8:40

அண்ணே, ஓடிருச்சு. 1,105இல் திரும்பி 11,070க்கு வந்து நிற்கிறது. முதலில் விக்கு 10,000 என்று சும்மா போட்டு, இரண்டு ரோவும் ஒத்துவராமல் அரை மணி நேரம் முழித்தேன். நீங்கள் எழுதியிருந்ததைச் சரியாகப் படிக்கவில்லை.

ரோவை வரைந்தால் பினாங்கு பாலத்தில் கப்பல் போகும் இடத்து மேடு மாதிரி வழவழவென்று ஏறி இறங்குகிறது. கூர்முனையே இல்லை.

மைனஸ் கேள்விக்கு யாராவது வழி சொல்லுங்களேன்.

---

ஆயர்_ஈத்தாம் | சனி, காலை 9:52

பிள்ளைகள் கேட்டால் சந்தோஷப்படுங்கள் தம்பி, கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மைனஸை யாரும் கையால் செருகவில்லை, அது சைனிலிருந்து வந்தது. பலகையில் மூன்று வரி, படிவம் ஆறுக்குத் தெரிந்த முக்கோணவியல் போதும்.

பழைய சார்பியலில் ரோ = 3 × பி² / (8பை × காமா²). பி எவ்வளவு வேண்டுமானாலும் வளரலாம், ரோவும் கூடவே வளரும், முடிவிலிக்கே போகும், அதுதான் சிங்குலாரிட்டி.

லூப் கோட்பாட்டில் பி என்ற ஒன்றை நேராக அளக்கும் குவாண்டம் செயலி கிடையாது. ஒரு மூடிய சுற்றைச் சுற்றி வந்தால் எவ்வளவு திரும்புகிறோம் என்பதுதான் கிடைக்கும். பழைய கணக்கில் அந்தச் சுற்றை 0 வரை சுருக்கி ஒரு புள்ளியில் வளைவு எவ்வளவு என்று எடுப்போம். இங்கே அப்படிச் சுருக்க முடியாது, டெல்டாவுக்குக் கீழே பரப்பே இல்லை. அதனால் பி² இருந்த இடத்தில் சைன்²(லாம்டா × பி)/லாம்டா² வந்து உட்காருகிறது. சைன்² 1ஐத் தாண்டாது. ரோவுக்கு உச்சம் வந்துவிட்டது.

இனி எச் = சைன்(2 × லாம்டா × பி) / (2 × காமா × லாம்டா). இருபுறமும் வர்க்கம் எடுங்கள். சைன் 2எக்ஸ் = 2 சைன் எக்ஸ் காஸ் எக்ஸ் என்று பிரியுங்கள். காஸ்² என்பதை 1 − சைன்² என்று எழுதுங்கள். சைன்² என்பது ரோ/ரோஉ. அந்த 1 − ரோ/ரோஉ தானாக வந்து நிற்கும். பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள்.

பிறகு லாம்டாவை 0க்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். சைன்²(லாம்டா × பி)/லாம்டா² மறுபடி பி² ஆகும், ரோஉ முடிவிலிக்குப் போகும், சிங்குலாரிட்டி வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். எல்லாம் அந்த டெல்டா 0 இல்லை என்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

எங்கே ஊகம் இருக்கிறது என்பதையும் மறைக்காதீர்கள். லாம்டாவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் இருக்கிறது. போஜோவால்ட் 2001இல் சிங்குலாரிட்டி இல்லை என்று காட்டியபோதும், அதன் பிறகு சில ஆண்டுகளும், சுற்றின் அளவை ஆய அச்சில் மாறாத ஒரு எண்ணாக வைத்தார்கள். விளைவு, பவுன்ஸ் வரும் அடர்த்தி புலத்தின் உந்தத்தைப் பொறுத்து மாறியது. உந்தம் பெரிதாகப் பெரிதாக உச்ச அடர்த்தி இறங்கிக்கொண்டே போகும், சாதாரண அடர்த்தியிலேயே அண்டம் திரும்பிவிடும் என்று கணக்குச் சொல்லும். அதோடு கணக்குக்காக நாம் வெட்டியெடுக்கும் கற்பனைப் பெட்டியின் அளவும் விடையில் வந்து நிற்கும். பெட்டியைப் பெரிதாக்கினால் இயற்பியல் மாறுமா? 2006இல் திருத்தினார்கள்: சுற்றை ஆய அச்சில் அளக்காதே, அந்தந்த நேரத்து உண்மையான பரப்பில் அளந்து டெல்டாவுக்குச் சமமாக வை. இதற்கு வி, பி என்ற மாறிகள்தான் இயல்பான ஜோடி, அதனால்தான் மேலே அண்ணன் அவற்றைக் கொடுத்திருக்கிறார்.

இன்னொன்று. வெறும் "குவாண்டம்" என்ற சொல் சிங்குலாரிட்டியை விரட்டாது. டிவிட் 1967இல் அண்டம் முழுவதற்கும் எழுதிய குவாண்டம் சமன்பாட்டை எடுத்து, இதே ஸ்கேலார் புலத்தைக் கடிகாரமாக வைத்து ஓட்டினால், அலைப்பொதி பழைய பாதையிலேயே வழுக்கிக்கொண்டு 0 கனஅளவுக்குள் போய்விழும். பவுன்ஸ் கிடையாது. அது வகைக்கெழுச் சமன்பாடு, லூப்பில் வருவது விமீது படிப்படியாகத் தாவும் வேறுபாட்டுச் சமன்பாடு. அலைப்பொதியை இந்தத் தாவும் சமன்பாட்டில் கணினியில் ஓட்டினால் உங்கள் வி, பி கோட்டைத்தான் தொடர்கிறது. நீங்கள் திரையில் காட்டுவது அதன் சராசரிப் பாதை. நிறையில்லாத புலத்துக்கு 2008இல் அஷ்டேகர், கோரிச்சி, சிங் கணக்கை முழுதும் தீர்த்து, எந்தக் குவாண்டம் நிலையை எடுத்தாலும் அடர்த்திக்கு அதே 0.41தான் மேல்வரம்பு என்று காட்டிவிட்டார்கள்.

சிங்குலாரிட்டி தவிர்க்க முடியாதது என்ற ஹாக்கிங்-பென்ரோஸ் 1970 தேற்றம் என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால்: அந்தத் தேற்றத்தின் எலும்பு கல்கத்தாவின் அமல் குமார் ராய்ச்சௌதுரி 1955இல் எழுதிய சமன்பாடு. பாதைகள் ஒன்றையொன்று நெருங்கிக் குவியும் என்று காட்ட, ஐன்ஸ்டைன் சமன்பாட்டை நடுவில் பயன்படுத்த வேண்டும். இங்கே பொருள் சாதுவான பொருள்தான், எதிர்மறை ஆற்றல் எதுவும் இல்லை. மாறியது வடிவியல் பக்கம். ரோ 0.164ஐத் தாண்டியதுமே ஈர்ப்பு தள்ளத் தொடங்குகிறது. 0.205ஐத் தாண்டியதும் (1 − 2ரோ/ரோஉ) மைனஸாகி, எச் மாறும் வீதமும் குறி மாறுகிறது. அந்த இடத்தில் எச் தன் உச்சமான 0.93ஐத் தொடும். உங்கள் வரைபடத்தில் அது தெரிகிறதா பாருங்கள்.

---

கொம்தார்_நிழல் | சனி, பிற்பகல் 2:20

எல்லாம் சரி, ஆனால் நிறையில்லாத ஸ்கேலாரை எடுத்தது கொஞ்சம் சலுகை. அதன் அடர்த்தி அளவுக் காரணியின் (அண்டம் எத்தனை மடங்கு நீண்டது என்ற எண்) −6 படி. திசைக்குத் திசை வேறு வேகத்தில் சுருங்கும் கோணலின் ஆற்றலும் −6 படிதான். இரண்டும் சேர்ந்தே ஏறுவதால் கோணல் தொல்லை வெளியே தெரியாது. கதிர்வீச்சு எடுத்தால் −4, தூசி எடுத்தால் −3. சுருங்கும் பக்கத்தில் அளவுக் காரணி 1,000 மடங்கு குறைந்தால், கதிர்வீச்சு 10¹² மடங்கு ஏறும்போது கோணல் 10¹⁸ மடங்கு ஏறியிருக்கும். ஆரம்பத்தில் லட்சத்தில் ஒரு பங்காக இருந்ததும் பவுன்ஸுக்கு வரும்போது வீட்டுக்காரனாகிவிடும். பெலின்ஸ்கி, கலாத்னிகோவ், லிஃப்ஷிட்ஸ் மூவரும் 1970லேயே இந்தக் கோணல் ஆட்டம் எவ்வளவு குழப்பமாகப் போகும் என்று எழுதியிருக்கிறார்கள்.

லூப்பில் இதையும் பார்த்தார்கள். 2009இல் அஷ்டேகரும் வில்சன்-யூயிங்கும் மூன்று திசைக்கும் தனித்தனி அளவுக் காரணி வைத்துக் கணக்கிட்டார்கள், அங்கேயும் சிங்குலாரிட்டி போகிறது. ஆனால் ஒரே பவுன்ஸ் என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு திசையும் தனக்கென்று திரும்பும்.

இன்னும் மூன்று இடறல், பிள்ளைகளுக்கு வேண்டாம், உங்களுக்கு.

ஐன்ஸ்டைன் ஹாமில்டனியனில் (இயக்கச் சமன்பாடுகள் பிறக்கும் மூலச் சூத்திரம்) இரண்டு துண்டு உண்டு. தட்டையான அண்டத்தில் இரண்டும் ஒரே வடிவம் என்பதால் முதலில் சேர்த்துவிட்டு அப்புறம் சைன் போடுகிறார்கள். முழு லூப் ஈர்ப்பில் செய்வதுபோல் தனித்தனியாகச் சைன் போட்டால் வேறு விடை வரும். டாப்போரும் லீகனரும் அப்படிச் செய்து பார்த்தார்கள். உச்ச அடர்த்தி ரோஉ/(4 × (1 + காமா²)), அதாவது 0.097. பவுன்ஸ் இருக்கிறது, ஆனால் கண்ணாடிப் பிம்பம் இல்லை: மறுபக்கம் பிளாங்க் அளவு அண்டவியல் மாறிலி உள்ள அண்டம். எந்த வரிசையில் சைன் போடுகிறாய் என்பதற்கே இவ்வளவு வித்தியாசம்.

இரண்டாவது, சீரான பின்னணியில் சின்ன அலைகளை வைத்து, கட்டுப்பாடுகளின் இயற்கணிதம் உடையாமல், அதாவது கட்டுப்பாட்டுச் சமன்பாடுகள் ஒன்றோடொன்று முரண்படாமல், இருக்க வேண்டும் என்று கேட்டால், அலை வேகத்தின் வர்க்கம் 1 − 2ரோ/ரோஉ என்று வரும் ஒரு வழி உண்டு. ரோ பாதியைத் தாண்டினால் அது மைனஸ். அலைச் சமன்பாடு அலைச் சமன்பாடாகவே இருக்காது, காலம் நான்காவது இடத்திசை மாதிரி ஆகிவிடும். அப்போது "பவுன்ஸுக்கு முன்" என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. எல்லாரும் இந்த வழியை ஏற்கவில்லை, ஆனால் ஒதுக்கிவிடவும் முடியாது.

மூன்றாவது, அடர்த்திக்கு மட்டும்தான் பூட்டு. அழுத்தத்துக்கு இல்லை. அடர்த்தி அடங்கியிருக்க அழுத்தம் மட்டும் முடிவிலிக்குப் போகும் திடீர் சிங்குலாரிட்டிகளைப் பாரோ 2004இல் காட்டினார், லூப் அவற்றை அகற்றுவதில்லை. அவை பலவீனமானவை, துகள்களின் பாதை அதைத் தாண்டிப் போய்விடும். ஆகவே "எல்லாச் சிங்குலாரிட்டியும் போச்சு" என்று வகுப்பில் சொன்னால் தப்பு. பலமானவை போகின்றன, அவ்வளவுதான்.

---

செந்தூல்_சுருள் | சனி, பிற்பகல் 3:05

ஐயோ, இந்த ரோ பாதி விஷயம் தெரியாமல் நேற்று "பவுன்ஸுக்கு முந்தைய அண்டம்" என்று ஸ்லைடு தலைப்பே போட்டுவிட்டேன். மாற்றுகிறேன்.

லூப் தவிர வேறு யாரும் இதைச் செய்யவில்லையா? அண்டம் பிளாங்க் நீளத்துக்குச் சுருங்கித்தான் திரும்புகிறது என்று சொல்லலாமா?

---

கெப்போங்_கணக்கு | சனி, மாலை 4:48

பிளாங்க் நீளம் என்று சொல்லாதீர்கள். எல்லாரும் இங்கேதான் வழுக்குவார்கள். பூட்டு அடர்த்திக்கு, அளவுக்கு இல்லை. உங்கள் கணக்கிலேயே உந்தத்தை 1000லிருந்து 10,00,000 ஆக்குங்கள். பவுன்ஸ் கனஅளவு 1,105லிருந்து 11,05,000 ஆகும், ரோ அதே 0.409. வகுப்பிலேயே ஓட்டிக் காட்டலாம், ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

அளவு பிடிபட ஒரு முரட்டுக் கணக்கு: 10⁵³ கிலோவை 2.1 × 10⁹⁶ அடர்த்திக்கு அமுக்கினால் ஒரு பக்கம் 3.6 × 10⁻¹⁵ மீட்டர் உள்ள பெட்டி. அணுக்கரு அளவு. பிளாங்க் நீளத்தைவிட 10²⁰ மடங்கு பெரிது. உண்மையில் அந்த நேரத்தில் பொருள் இந்த வடிவில் இருக்காது, அளவு புரியத்தான் சொல்கிறேன்.

மற்ற வழிகள், வேகமாக. ஸ்டாரோபின்ஸ்கி 1980இல் ஈர்ப்பின் குவாண்டம் திருத்தமாக வளைவின் வர்க்கத்தைச் சேர்த்தார். சிங்குலாரிட்டியைத் தவிர்க்கப் புறப்பட்டது, இன்று வீக்கக் கோட்பாடாக (அண்டம் தொடக்கத்தில் அதிவேகமாக விரிந்தது என்பது) பெயர் வாங்கியிருக்கிறது, பிள்ளையார் பிடிக்கப் போனது நல்லதாகவே முடிந்த கதை. ஹார்ட்டில்-ஹாக்கிங் 1983: எல்லையே இல்லாத தொடக்கம், ஒரு பக்கம் மூடிய கிண்ணம் மாதிரி. ஸ்ட்ரிங் பக்கம் பிராண்டன்பெர்கர்-வாஃபா 1989: வட்டத்தின் ஆரம் சின்னதானால் அதன் தலைகீழான பெரிய ஆரத்துக்குச் சமம், ஆகவே 0க்குப் போவது என்பதற்கே அர்த்தமில்லை. வெனிசியானோவின் பெருவெடிப்புக்கு முந்தைய அண்டமும் அதே சமச்சீரில் பிறந்ததுதான், ஆனால் இரு பாதியையும் நடுவில் ஒட்டவைப்பதில்தான் சிக்கியது. குரூப் ஃபீல்டு கோட்பாட்டில் ஓரிட்டி, சிண்டோனி, வில்சன்-யூயிங் 2016இல் காலவெளி அணுக்களின் ஒடுக்கத்திலிருந்து பவுன்ஸை எடுத்தார்கள். அது எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் அங்கே அண்டத்தை முதலிலேயே சீராக்கிவிட்டுக் குவாண்டமாக்கவில்லை.

---

ஆயர்_ஈத்தாம் | சனி, மாலை 6:15

சோதிக்க முடியுமா என்ற கேள்வியும் வரும், அதற்கும் ஒரு எண் வைத்துக்கொள்ளுங்கள். பின்னணிக் கதிர்வீச்சில் (பெருவெடிப்பின் மிச்ச ஒளி) ஈர்ப்பலையின் தடம் இதுவரை சிக்காததால், வீக்கத்தின்போது ஆற்றல் அளவு 1.6 × 10¹⁶ ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இல்லை. பிளாங்க் ஆற்றல் 1.22 × 10¹⁹. வகுத்து நான்காம் படி எடுத்தால் 3 × 10⁻¹². அதாவது நாம் பார்க்கும் சுவடுகள் பதிந்தபோது ரோ/ரோஉ திருத்தம் லட்சம் கோடியில் சில பங்குதான். பவுன்ஸின் நேரடி அடையாளம் ஏதாவது மிஞ்சியிருந்தால் மிகப் பெரிய அலைநீளங்களில், வானத்தில் பல டிகிரி அகலக் கோணங்களில்தான் இருக்க முடியும். அங்கே நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு வானம், அளவீடுகள் சில பத்து, சிதறல் தவிர்க்க முடியாதது. வீக்கம் கொஞ்சம் நீளமாக நடந்திருந்தால் அந்தத் தடமும் நம் அடிவானத்துக்கு வெளியே போயிருக்கும்.

---

பாயான்_லெப்பாஸ் | சனி, இரவு 9:30

கொம்தார் சொன்ன சலுகை நியாயமானது. கதிர்வீச்சையும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள், பத்து நிமிட வேலை. வி வரி அப்படியே இருக்கட்டும். பி மாறும் வீதம் = −4பை × காமா × (4/3) × ரோ, ரோ என்பது விஇன் −4/3 படி. சரிபார்க்க: அளவுக் காரணி (1 + 13.7 × நேரம்²)இன் நான்காம் மூலம். பவுன்ஸில் எச் ஏறும் சரிவு 6.86 வர வேண்டும், ஸ்கேலாரில் 10.3. பவுன்ஸ் கொஞ்சம் அகலம், அடர்த்தி பாதியாக 0.27.

வரைபடத்தில் நேர அச்சு −2 முதல் +2 போதும், கனஅளவை மடக்கையில் போடுங்கள். பழைய சார்பியல் கோட்டையும் அதே படத்தில் வேறு நிறத்தில் வையுங்கள்: வலது ஓரத்தில் இரண்டும் ஒட்டியே வரும், அடர்த்தி உச்சத்தில் நூற்றில் ஒரு பங்காக இருக்கும்போது வித்தியாசமும் நூற்றில் ஒரு பங்குதான். உள்ளே வரவரப் பிரிந்து, ஒன்று கீழே விழும், மற்றது திரும்பும். அந்தப் பிரிகிற இடத்தைக் காட்டிவிட்டுப் பலகைக்குப் போங்கள்.

---

செந்தூல்_சுருள் | சனி, இரவு 11:12

6.86 வந்திருச்சு அண்ணே. முதல் தடவை 10.3ஏ வந்தது, 4/3 போட மறந்து பழைய 2ஐ அப்படியே விட்டிருந்தேன். அந்த வரியை வகுப்பிலும் தப்பாகவே வைத்துவிட்டு, எங்கே கோளாறு என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லப்போகிறேன்.